‘லோ பவர்’ டிவி என்பது என்ன? அமெரிக்காவின் ஸ்பானிஷ் உள்ளூர் நிலையங்களை வைத்து ஒரு எளிய விளக்கம்

அமெரிக்காவுக்குப் போன புதிதில் டிவிக்கு ஒரு சின்ன ஆன்டெனா வாங்கி மாட்டி, சேனல் ஸ்கேன் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டெக்சஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா பக்கம் இருந்தால் பட்டியலில் வரிசையாக ஸ்பானிஷ் சேனல்கள் வந்து நிற்கும். அவற்றில் பல ‘லோ பவர்’, அதாவது குறைந்த சக்தி நிலையங்கள். இந்தப் பெயருக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாத திருட்டு நிலையம் என்று நினைப்பவர்கள் உண்டு. நாலு தெருவுக்கு மட்டும் தெரியும் சமூக டிவி என்பவர்கள் உண்டு. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்காக அரசு ஒதுக்கிய தனி வகை என்றுகூட ஒரு பேச்சு இருக்கிறது.

எதுவும் சரியில்லை. ‘குறைந்த சக்தி’ என்பது முதலில் ஒரு சட்டத் தகுதி, பிறகுதான் மின்சாரக் கணக்கு. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

## எது இல்லை என்று முதலில் பார்ப்போம்

அமெரிக்காவில் வானொலிக்கும் டிவிக்கும் அலைவரிசை வழங்கும் அரசு அமைப்பின் பெயர் எஃப்சிசி. கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் என்று தமிழில் சொல்லலாம். குறைந்த சக்தி டிவி என்ற பிரிவை 1982-இல் தொடங்கி வைத்ததே இந்த அமைப்புதான். விண்ணப்பம், கட்டுமான அனுமதி, லைசென்ஸ் எல்லாம் உண்டு. திருட்டு என்பதற்கு இடமே இல்லை.

நம்மூர் கேபிள்காரர் கோயில் திருவிழாவையும் கல்யாண வாழ்த்தையும் போட நடத்தும் லோக்கல் சேனல் போன்றதும் அல்ல. அது கம்பி வழியாகச் சந்தாதாரர் வீட்டுக்கு மட்டும் போவது. இது கோபுரத்திலிருந்து காற்றில் வருவது. ஆன்டெனா வைத்திருக்கும் யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

தூர்தர்ஷன் காலத்து ‘எல்பிடி’யை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அதுவும் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்தான். ஆனால் டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருவதை வாங்கி அந்தந்த ஊரில் மறுஒளிபரப்பு செய்தது, அவ்வளவே. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்யும் கருவிக்கு டிரான்ஸ்லேட்டர் என்று பெயர். மலை மறைப்பில் இருக்கும் ஊர்களுக்குப் பெரிய நிலையத்தின் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க 1956 முதலே அதற்கு அனுமதி உண்டு. 1982-இல் வந்த மாற்றம், அதே அளவு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு சொந்த நிகழ்ச்சியையும் போடலாம் என்பது.

மொழி விஷயம் இன்னும் எளிது. எஃப்சிசி விண்ணப்பதாரரிடம் எந்த மொழியில் ஒளிபரப்புவாய் என்று கேட்பதில்லை. 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்யக்கூடாது என்று அந்த அமைப்பைத் தடுத்திருக்கிறது. இன்று ஆங்கிலத்தில் ஓடும் நிலையம் நாளை ஸ்பானிஷுக்கு மாறலாம்; அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

## சக்தி எவ்வளவு குறைவு?

ஒளிபரப்பில் சக்தியை ‘இஆர்பி’ என்ற கணக்கில் சொல்வார்கள். டிரான்ஸ்மிட்டர் தரும் சக்தியை ஆன்டெனா எத்தனை மடங்கு குவித்து அனுப்புகிறதோ அதனால் பெருக்கினால், வழியில் கேபிளில் ஆகும் இழப்பைக் கழித்துவிட்டு, கிடைக்கும் எண் இது. ஆன்டெனா சக்தியை உற்பத்தி செய்வதில்லை. வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போவதை, ஆட்கள் இருக்கும் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. அதனால் ஒரு கிலோவாட் அளவிலான டிரான்ஸ்மிட்டரை வைத்தே 15 கிலோவாட் இஆர்பி எட்ட முடியும்.

அந்த 15 கிலோவாட்தான் யுஎச்எஃப் என்ற மேல் அலைவரிசையில் டிஜிட்டல் குறைந்த சக்தி நிலையத்துக்கு உச்ச வரம்பு. விஎச்எஃப் என்ற கீழ் அலைவரிசையில் 3 கிலோவாட். முழுச் சக்தி நிலையம் யுஎச்எஃபில் 1,000 கிலோவாட் வரை போகலாம். அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அப்படியானால் அறுபதில் ஒரு பங்கு தூரம்தான் போகுமா? இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இது. தடையில்லாத வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நான்கில் ஒன்றாகும். திருப்பிச் சொன்னால், அறுபத்து நான்கு மடங்கு சக்தி கொடுத்தாலும் எட்டு மடங்கு தூரம்தான். அந்த எட்டு மடங்கும் நிஜத்தில் கிடைக்காது. டிவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 100 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்கு அடிவானம் சுமார் 41 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 400 மீட்டருக்குப் போனால் சுமார் 82 கிலோமீட்டர். அதற்கு அப்பால் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை.

ஆக, உயரம்தான் ராஜா. லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு மேலே நிற்கும் மவுன்ட் வில்சன் சுமார் 1,740 மீட்டர். அந்த நகரத்தின் டிவி கோபுரங்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. அந்த உச்சியில் ஒரு குறைந்த சக்தி ஆன்டெனாவுக்கு இடம் கிடைத்தால், கீழே பல லட்சம் பேர் இருக்கும் சமவெளி முழுக்க அதன் கண்ணெதிரே இருக்கும். சமவெளி ஊரில் தாழ்ந்த கோபுரத்தில் நிற்கும் முழுச் சக்தி நிலையத்தைவிட அதற்குப் பார்வையாளர் அதிகம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஒரு குறை மட்டும் உண்மை. டிஜிட்டல் படம் பழைய அனலாக் படம் போலப் புள்ளி புள்ளியாக மங்காது. ஓர் அளவு வரை பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே உறைந்து நின்றுவிடும். சக்தி குறைந்த நிலையத்துக்கு இந்த விளிம்பு சீக்கிரம் வரும். கான்கிரீட் அபார்ட்மென்ட்டின் உள்ளறையில் ஜன்னலோர ஆன்டெனாவை நாலு விரல் நகர்த்தினால் சேனல் வருவதும் போவதும் இதனால்தான்.

இதுவரை: குறைந்த சக்தி நிலையம் சட்டப்படி இயங்குவது, காற்றில் வருவது, மொழிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அது எட்டும் தூரத்தைச் சக்தியைவிட உயரமும் நிலமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

## உண்மையான வித்தியாசம்: யாருடைய இடம்?

சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும் அரசு விரைவுப் பேருந்து. விழுப்புரத்தில் ஏறப்போகிற ஒருவர் ஒரு சீட்டை முன்பதிவு செய்திருக்கிறார். அதுவரை அது காலி. நீங்கள் தாம்பரத்தில் ஏறுகிறீர்கள். “விழுப்புரம் வரைக்கும் உக்காருங்க, ஆள் வந்தா எந்திரிச்சிரணும்” என்கிறார் கண்டக்டர். நீங்களும் டிக்கெட் வாங்கியவர்தான், திருட்டுப் பயணம் இல்லை. ஆனால் அந்தச் சீட் உங்களுடையதும் இல்லை. ஆள் வந்தால் வேறு காலி சீட் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் இறங்க வேண்டும். பக்கத்துச் சீட்காரர் கையை அகட்டி உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அவரை இடிக்கக்கூடாது.

குறைந்த சக்தி நிலையத்தின் நிலை இதுவே. எஃப்சிசி இதை இரண்டாம் நிலை உரிமை என்கிறது. முழுச் சக்தி நிலையத்தின் படத்துக்கு இது இடைஞ்சல் செய்யக்கூடாது. அங்கிருந்து வரும் இடைஞ்சலை ஏற்றுக்கொள்ள வேண்டும். முழுச் சக்தி நிலையம் தன் எல்லையை விரித்தாலோ சேனல் மாறி வந்தாலோ, இது எழுந்து இடம் கொடுக்க வேண்டும். புது சேனல், புது ஆன்டெனா, சில சமயம் புது டிரான்ஸ்மிட்டர், எல்லாம் சொந்தச் செலவில்.

இதற்கு ஈடாகச் சில சலுகைகள் உண்டு. நாளுக்கு இத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுச் சக்தி நிலையங்களுக்கு 2017-இல் எஃப்சிசி நீக்கும்வரை இருந்த, ஊரில் ஸ்டுடியோ வைக்கும் கட்டாயமும் இதற்கு இருந்ததில்லை. ஒருவர் எத்தனை நிலையங்கள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முழுச் சக்தி நிலையம் கட்டுவதோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. இந்த வகையில் இன்று நாடு முழுக்கச் சுமார் 1,800 நிலையங்கள் இருக்கின்றன, டிரான்ஸ்லேட்டர்கள் தனி.

## ஸ்பானிஷ் ஏன் இங்கே வந்து சேர்ந்தது?

டெக்சஸின் சான் அன்டோனியோவில் ரவுல் கோர்ட்டெஸ் என்பவர் 1946-இல் கேசிஓஆர் என்ற ஸ்பானிஷ் வானொலியை ஆரம்பித்தார். 1955-இல் அதே பெயரில் டிவி நிலையமும் வந்தது. முழுக்க ஸ்பானிஷில் இயங்கிய முதல் அமெரிக்க நிலப்பரப்பு டிவி நிலையங்களில் அது முன்னோடி. அவருக்குக் கிடைத்தது யுஎச்எஃபில் 41-ஆம் சேனல். 2 முதல் 13 வரையிலான விஎச்எஃப் சேனல்கள்தான் அன்று எல்லா டிவியிலும் வரும். அவை ஆங்கில நிலையங்களின் கையில் இருந்தன. 41-ஐப் பார்க்க டிவியில் தனியாகக் கருவி பொருத்த வேண்டும். எல்லா டிவிகளிலும் யுஎச்எஃப் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் 1962-இல்தான் வந்தது, 1964 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள், 1961-இலேயே, கோர்ட்டெஸ் டிவி நிலையத்தை விற்றுவிட்டார். பார்க்க ஆட்கள் இருந்தார்கள், பேச மொழி இருந்தது, அலைவரிசைதான் எட்டாத இடத்தில் கிடைத்தது. அமெரிக்க ஸ்பானிஷ் டிவியின் கதையில் இது திரும்பத் திரும்ப வரும். எனக்கு இந்த வரலாற்றில் மனதை விட்டுப் போகாத பகுதியும் இதுதான்.

அந்த நிலையத்தை வாங்கியவர்களின் கூட்டத்திலிருந்து 1962-இல் எஸ்ஐஎன் என்ற ஸ்பானிஷ் வலையமைப்பு உருவானது. பின்னாளில் யூனிவிஷன் என்று பெயர் மாறியது அதுவே. 1976-இல் எஸ்ஐஎன் தன் நிகழ்ச்சிகளைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பத் தொடங்கியது. வலையமைப்பு என்றால், ஓரிடத்தில் நிகழ்ச்சி தயாரித்துப் பல ஊர் நிலையங்களுக்குக் கொடுக்கும் நிறுவனம். அதுவரை ஒரு நிலையத்தை அதனோடு இணைக்கப் பூமி வழித் தடம் வேண்டியிருந்தது. இனி ஒரு டிஷ் போதும். ஆறு வருடம் கழித்துக் குறைந்த சக்தி லைசென்ஸும் வந்தது. கூரையில் ஒரு டிஷ், கீழே ஒரு டிரான்ஸ்மிட்டர், மேலே ஓர் ஆன்டெனா: நிலையம் தயார்.

அதற்கப்புறம் மக்கள் நகர்ந்தார்கள். 1990-களிலிருந்து ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் வட கரோலினா, ஜார்ஜியா, டென்னசி என்று பழைய எல்லைகளைத் தாண்டிக் குடியேறின. அந்த ஊர்களில் முழுச் சக்தி சேனல்கள் எல்லாம் எப்போதோ கைமாறி முடிந்திருந்தன. மிச்சம் இருந்த வாசல் குறைந்த சக்திதான். இன்று அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல். யூனிவிஷன், டெலிமுண்டோ, எஸ்ட்ரெயா என்று அவர்கள் பார்க்கும் பெரிய பெயர்கள்கூடப் பல ஊர்களில் குறைந்த சக்தி நிலையங்கள் வழியாகவே காற்றுக்கு வருகின்றன.

## உள்ளே என்ன நடக்கிறது?

இயக்கத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு சிறியது. செயற்கைக்கோளிலிருந்து வலையமைப்பின் படம் வருகிறது. ஒரு கணினி, குறித்த நேரத்தில் தேசிய விளம்பரத்தின் இடத்தில் உள்ளூர் விளம்பரத்தை நுழைக்கிறது. குடியேற்ற வழக்கறிஞர், பழைய கார் விற்பவர், பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கு உடை தைப்பவர். ஆங்கில நிலையத்தின் விளம்பர விலை இவர்களுக்குக் கட்டாது, இங்கே கட்டுப்படியாகும்.

பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே ஓடையாகக் கோர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு டிவி சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான நிலையங்கள் பின்பற்றும் முறையில் அதற்குள் நொடிக்கு 19.39 மெகாபிட் தகவல் போகும். ஒரு தெளிவான படத்துக்கு அத்தனையும் தேவையில்லை என்பதால் ஒரே லைசென்ஸில் பல துணைச் சேனல்களை ஓட்டலாம். டிவியில் 31.1, 31.2 என்று புள்ளி வைத்து வருபவை அவை. ஒன்றில் தொடர் நாடகம், இன்னொன்றில் ஸ்பானிஷ் தேவாலய நிகழ்ச்சி, மற்றொன்றில் பொருள் விற்பனை என்று போகும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சின்ன நிலையம் என்பதாலேயே அது உள்ளூர்க் குரல் ஆகிவிடாது. செயற்கைக்கோளில் வருவதை அப்படியே விட்டுவிட்டு, ஊரில் ஒரு நிருபர்கூட இல்லாமல் ஓடும் நிலையங்கள் நிறைய. சமூக டிவி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் போற்றுவது தவறு. மறுபக்கம், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் டெலிமுண்டோ 31 இருக்கிறது. 2018-இல் அதை டெலிமுண்டோ வலையமைப்பின் உரிமையாளரான என்பிசியூனிவர்சல் நிறுவனம் வாங்கியது. சட்டப்படி அதுவும் குறைந்த சக்திக் குடும்பம்தான். டாம்பா, ஹார்ட்ஃபோர்டு நகரங்களின் டெலிமுண்டோ நிலையங்களும் அப்படியே. 2017 செப்டம்பரில் மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபின் ஏராளமான குடும்பங்கள் வந்து இறங்கிய பகுதி ஆர்லாண்டோ. அப்படி வந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையோ நிவாரண அலுவலகமோ பற்றி உள்ளூர்ச் செய்தி தம் மொழியில் கிடைக்க வேண்டும் என்றால் கணக்கில் வருவது இப்படிப்பட்ட நிலையம்தான். டிரான்ஸ்மிட்டரின் அளவு அந்த வீட்டுக்குப் பொருட்டே இல்லை.

## ‘ஏ’ பிரிவு: சீட் உறுதியானவர்கள்

எத்தனை நாள்தான் எழுந்து எழுந்து உட்கார்வது என்ற முறையீட்டுக்கு 1999-இல் நாடாளுமன்றம் ஒரு வழி செய்தது. சமூக ஒளிபரப்பாளர் பாதுகாப்புச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். தினமும் குறைந்தது 18 மணி நேரம் ஒளிபரப்பி, வாரம் சராசரியாக 3 மணி நேரமாவது தன் பகுதியிலேயே தயாரித்த நிகழ்ச்சியைப் போடும் குறைந்த சக்தி நிலையம் ‘ஏ’ பிரிவுக்கு வரலாம். வந்தால் அதன் சேனலுக்குப் பாதுகாப்பு உண்டு. சக்தி வரம்பு மாறாது, சீட் மட்டும் உறுதியாகிவிடும். பேருந்தில் நாம் பார்த்த பயணி அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், இப்போது அவர் கையில் முன்பதிவுச் சீட்டு.

அந்தச் சட்டம் வந்தபோது ஏற்கனவே அப்படி இயங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு. கதவு சீக்கிரம் சாத்தப்பட்டது.

எந்த நிலையம் எந்த வகை என்பதை அதன் அழைப்புப் பெயரிலேயே பார்க்கலாம். நிலையம் அவ்வப்போது திரையில் காட்டும் ஆங்கில எழுத்துக் கோவை அது. பொதுவாக மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே ‘கே’, கிழக்கே ‘டபிள்யூ’ என்று தொடங்கும். கடைசியில் ‘எல்டி’ என்றால் டிஜிட்டல் குறைந்த சக்தி, ‘சிடி’ என்றால் டிஜிட்டல் ‘ஏ’ பிரிவு. ஆர்லாண்டோ நிலையத்தின் பெயர் டபிள்யூடிஎம்ஓ-சிடி. நடுவில் எண் வந்து ‘டி’ என்று முடிந்தால் அது பெயர் மாற்றிக்கொள்ளாத குறைந்த சக்தி நிலையமாகவோ டிரான்ஸ்லேட்டராகவோ இருக்கும்.

## பேருந்தே சுருங்கியபோது

2016-17-இல் எஃப்சிசி ஒரு பெரிய ஏலம் நடத்தியது. டிவிக்கு இருந்த யுஎச்எஃப் சேனல்களில் 38 முதல் 51 வரை விலக்கி, பெரும்பகுதியைக் கைபேசி நிறுவனங்களுக்கு விற்றது. மொத்தம் 84 மெகாஹெர்ட்ஸ், சுமார் 1,980 கோடி டாலர். தங்கள் அலைவரிசையை விட்டுக்கொடுத்த டிவி நிலையங்களுக்கு அதிலிருந்து ஆயிரம் கோடி டாலருக்கு மேல் போனது.

அந்தப் பணம் முழுச் சக்தி நிலையங்களுக்கும் ‘ஏ’ பிரிவுக்கும்தான். சாதாரணக் குறைந்த சக்தி நிலையங்கள் ஏலத்தில் நிற்கவே முடியாது. பின்வரிசைகள் கழற்றப்பட்டன, முன்பதிவு செய்தவர்கள் முன்னே நகர்ந்தார்கள், நின்றவர்கள் மிச்ச இடத்தைத் தேடினார்கள். கைபேசி நிறுவனம் தன் சேவையைத் தொடங்கப்போகிறது என்று 120 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் அந்தச் சேனலில் இருக்கும் குறைந்த சக்தி நிலையம் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் புது சேனல் கேட்க 2018-இல் தனி வாய்ப்பு ஒன்று கொடுக்கப்பட்டது. மாறும் செலவுக்கு உதவவும் அதே ஆண்டு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. நல்ல முடிவுதான், தாமதமான முடிவும்கூட. நெரிசலான பெரு நகரங்களில் மாறிப்போகக் காலி சேனல் கிடைப்பதே கஷ்டம். ஸ்பானிஷ் நிலையங்கள் அதிகம் இருப்பதும் அதே நகரங்களில்.

இன்னொரு முறை சுருக்கிச் சொன்னால்: சாதாரணக் குறைந்த சக்தி நிலையத்துக்கு இடப் பாதுகாப்பு இல்லை, ‘ஏ’ பிரிவுக்கு உண்டு. 2017-இல் பிழைத்தவர்களையும் அலைந்தவர்களையும் பிரித்தது அந்த ஒரு கோடு.

## கேபிளும், 2023-இன் புதுச் சட்டமும்

கேபிள் நிறுவனங்கள் தம் ஊரின் முழுச் சக்தி நிலையங்கள் கேட்டால் அவற்றைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று 1992-இல் சட்டம் வந்தது. சில சிற்றூர் விதிவிலக்குகள் தவிர, குறைந்த சக்தி நிலையங்களுக்கு அந்த உரிமை இல்லை. பெரிய வலையமைப்பின் நிலையம் பேரம் பேசி இடம் வாங்கிவிடும். தனியாக நிற்கும் நிலையத்துக்கு ஆன்டெனா வைத்திருக்கும் வீடுகளே கதி.

2023 ஜனவரியில் குறைந்த சக்திப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 1999-இல் சாத்திய கதவை அது மறுபடி திறந்தது. ‘ஏ’ பிரிவுக்கு விண்ணப்பிக்க 2025 மே வரை ஒரு வருட அவகாசம் இருந்தது. ஆனால் டிவி உள்ள வீடுகள் 95,000-க்கு மேற்படாத சந்தைகளில், அதாவது ஒரு நகரும் சுற்றுப்புறமும் சேர்ந்த ஒளிபரப்புப் பகுதிகளில், இருக்கும் நிலையங்களுக்கு மட்டும். சிற்றூர்களுக்கு இது நியாயமான உதவி, வரவேற்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் சந்தையில் அத்தகைய வீடுகள் ஐம்பது லட்சத்துக்கு மேல். ஹூஸ்டன், மயாமி, சிகாகோ எதுவும் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அங்கே இயங்கும் சாதாரண ஸ்பானிஷ் குறைந்த சக்தி நிலையங்களுக்கு இந்தச் சட்டத்தால் எதுவும் மாறவில்லை. அவை இன்றும் இரண்டாம் நிலை உரிமையில்தான் ஓடுகின்றன.